சுடுநீர்க் கணக்கு: சூடாக்கி வாங்குமுன் வாளியை எண்ணுவோம்

மார்கழி மாதத்து விடியற்காலையில் கிணற்றடிக்குச் சென்றவர்கள் ஒன்றை அவதானித்திருப்பார்கள். பனியில் உடல் நடுங்கும். ஆனால் கிணற்றிலிருந்து அள்ளிய முதல் வாளித் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். அதே நேரத்தில், இரவு முழுவதும் தாங்கியின் மேல் நின்ற பிளாஸ்ரிக் தொட்டித் தண்ணீரைத் திறந்தால் எலும்பு வரை குளிரும். இந்தச் சிறிய உண்மைக்குள் நமது வீட்டுச் சுடுநீர்க் கணக்கின் பாதி அடங்கியிருக்கிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் 2009ஆம் ஆண்டின் பின்னர் எழுந்த வீடுகளில் பல, குளியலறையும் குழாய்நீரும் கொண்டவை. மின்சாரமும் பெரும்பாலான கிராமங்களுக்கு வந்துவிட்டது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, "அம்மாவுக்கு ஒரு வோட்டர் ஹீற்றர் பூட்டிவிடுவோம்" என்று சொல்வதும், கடைக்காரர் தவணை முறையில் தருவதாகச் சொல்வதும் இன்று வழமையாகிவிட்டன. வயோதிபருக்கும் நோயாளருக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் சுடுநீர் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு தேவை என்று எண்ணிப் பார்த்த பின்பு வாங்குகிறோமா என்பதே கேள்வி. எண்ணாமல் வாங்கிய கருவி ஒன்றில் தேவைக்குப் போதாமல் போகிறது. அல்லது மாதந்தோறும் மின்பட்டியல் மூலம் வீட்டின் அரிசிக் காசில் கைவைக்கிறது.

இக்கணக்கைச் செய்யப் பொறியியலாளர் தேவையில்லை. ஒரு வாளியும், ஒரு பென்சிலும், ஒரு வாரப் பொறுமையும் போதும்.

ஒரே ஒரு வாய்பாடு

ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை செல்சியஸால் சூடாக்கத் தேவையான வெப்பம் எப்போதும் ஒரே அளவானது. விறகாயினும் வாயுவாயினும் மின்சாரமாயினும் வெயிலாயினும் இது மாறாது. மின்மானி காட்டும் ஒரு யூனிற் மின்சாரத்தால் 860 லீற்றர் நீரை ஒரு பாகையால் சூடாக்கலாம். அல்லது 86 லீற்றரைப் பத்துப் பாகையால் சூடாக்கலாம். எனவே வாய்பாடு இதுதான்:

லீற்றரை, கூட்டவேண்டிய பாகையால் பெருக்குங்கள். வந்த தொகையை 860ஆல் வகுங்கள். கிடைப்பது யூனிற்.

இனி நம் ஊர் அளவுகளைப் பார்ப்போம். வன்னியில் கிணற்று நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 28 பாகையில் இருக்கிறது. மனித உடலுக்கு இதமான குளிப்பு நீர் 40 பாகை. ஆகவே நாம் கூட்டவேண்டியது 12 பாகை மட்டுமே. நுவரெலியாவில் குழாய்நீர் 15 பாகை வரை குளிர்ந்திருந்தால் அங்கு 25 பாகை கூட்டவேண்டும். அதாவது நமக்குத் தேவையானதைப் போல இரு மடங்கு. மலைநாட்டுக்கோ குளிர் தேசத்துக்கோ எழுதப்பட்ட விளம்பரத் தாளைப் பார்த்து நாம் கருவியின் பருமனைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வீடுகளில் பாவிக்கும் நடுத்தர வாளி ஒன்றை 16 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாளிக் குளிப்புக்கு 16 ஐ 12ஆல் பெருக்க 192. அதை 860ஆல் வகுத்தால் 0.22 யூனிற். ஒருவர் ஒரு வாளி இளஞ்சூட்டு நீரில் குளிக்க கால் யூனிற்றிலும் குறைவான வெப்பமே தேவை. இந்த 192 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு குளிப்பு" என்பதற்கு நம் ஊர் அளவுகோல் அதுவே.

மார்கழியில் தொட்டி நீர் 23 பாகைக்கு இறங்கியிருந்தால் கூட்டவேண்டியது 17 பாகையாகிவிடும். கிணற்றிலிருந்து அப்போதே அள்ளிய நீரைச் சூடாக்கினால் 12 பாகை. எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம், அதுவும் ஒரு சதம் செலவில்லாமல். மோட்டர் உள்ளவர்கள் குளிப்பதற்குச் சற்று முன்பாக நீரை ஏற்றினாலே இந்தப் பயன் கிடைக்கும்.

கலக்கும் கணக்கு

பலர் குளிப்பதற்கான நீர் முழுவதையும் கிடாரத்தில் ஏற்றிச் சூடாக்குகிறார்கள். அவசியமில்லை. கொதிநீர் ஒரு பங்கு, கிணற்று நீர் ஐந்து பங்கு என்று கலந்தால் 40 பாகை கிடைக்கும். 16 லீற்றர் வாளி ஒன்றுக்கு மூன்று லீற்றருக்கும் சற்றுக் குறைவான கொதிநீர் போதும். சாதாரண மின்கேத்தில் இரண்டு தடவை கொதித்தால் ஒருவர் குளிக்கலாம். ஒரு வயோதிபர் மட்டும் சுடுநீர் கேட்கும் வீட்டில், பல்லாயிரம் ரூபாவுக்குச் சூடாக்கி பூட்டுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சூடாக்கித் தாங்கியில் 60 பாகையில் நீர் இருக்குமானால், எட்டுப் பங்கு கலவையில் மூன்று பங்கு சுடுநீர், ஐந்து பங்கு தண்ணீர். அதாவது ஒரு வாளிக்கு 6 லீற்றர். ஆகவே 50 லீற்றர் தாங்கியொன்று எட்டு வாளிக் குளிப்புக்குப் போதும். "ஆறு பேர் உள்ள வீடு, நூறு லீற்றராவது வேண்டும்" என்று சொல்லப்படும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கலக்கும்போது எப்போதும் முதலில் தண்ணீரை ஊற்றி, அதன்பின் சுடுநீரைச் சேர்க்க வேண்டும். தரையில் கொதிநீர் மட்டும் உள்ள வாளி, தவழும் குழந்தை உள்ள வீட்டில் பெரும் ஆபத்து.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணத்துக்கு, வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடொன்றில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மம்மா, தகப்பன், தாய், பள்ளிக்குச் செல்லும் இரு பிள்ளைகள். தாய் மூன்றாவது பிள்ளையை எதிர்பார்த்திருக்கிறார்.

சாதாரண நாள்: அம்மம்மாவுக்கு மட்டும் ஒரு வாளி. 192. நாளொன்றுக்கு 0.22 யூனிற், மாதம் ஏறக்குறைய 7 யூனிற்.

மார்கழி, தை: அம்மம்மாவுடன் இரு பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு வாளி. 576. நாளொன்றுக்கு 0.67 யூனிற், மாதம் 20 யூனிற்.

பிள்ளைப்பேற்று மாதம்: தாய்க்கு வேப்பிலை, நொச்சியிலை அவித்த நீரில் குளிப்பு. சூடும் அளவும் கூட. மூன்று வாளி, 42 பாகை. 48 லீற்றரை 14ஆல் பெருக்க 672. குழந்தைக்கு 8 லீற்றர், 38 பாகையில், 80. துணி அவிக்கப் பத்து லீற்றர் கொதிநீர்; ஏறக்குறைய 700. அம்மம்மாவுக்கு வழமைபோல் 192. மொத்தம் 1,644. நாளொன்றுக்கு 1.9 யூனிற், மாதம் 57 யூனிற்.

ஒரே வீட்டில் தேவை 7 இலிருந்து 57 வரை ஏறி இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். இதுவே நம் பிரதேசத்துச் சுடுநீர்த் தேவையின் இயல்பு. நாள்தோறும் எல்லோருக்கும் வேண்டிய பொருளாக அது இருப்பதில்லை. குறித்த சிலருக்கு, குறித்த காலத்தில், தவறாமல் வேண்டியதாக இருக்கிறது.

இப்போது அதே வீட்டில், பெரிய சூடாக்கி பூட்டி, ஐந்து பேரும் தூவற் குழாயின் கீழ் எட்டு நிமிடம் நின்று குளிப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 8 லீற்றர் என்றால் ஒருவருக்கு 64 லீற்றர்; நான்கு வாளி. ஐந்து பேருக்கு 3,840. நாளொன்றுக்கு 4.5 யூனிற், மாதம் 134 யூனிற். அம்மம்மாவின் 7 யூனிற் தேவைக்காக வாங்கிய கருவி, பழக்கத்தை மாற்றி 134 யூனிற்றைக் கேட்கிறது. சூடாக்கி வாங்கும்போது நீங்கள் எண்ணவேண்டியது இன்றைய வாளிகளை மட்டுமல்ல. கருவி வந்தபின் யார் யார் எவ்வளவு நேரம் அதன் கீழ் நிற்பார்கள் என்பதையுமே.

மின்பட்டியல் சொல்லும் பாடம்

இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம் என்பது யாவரும் அறிந்ததே. மாதம் 60 யூனிற்றுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலை. 60ஐத் தாண்டினால், தாண்டிய யூனிற்றுக்கு மட்டுமல்ல, முதல் யூனிற்றிலிருந்தே விலை மாறுகிறது. நிலையான கட்டணமும் ஏறுகிறது. அதன் மேல் 90, 120, 180 என்று படிகள் உண்டு. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணங்கள் பெருமளவு உயர்த்தப்பட்டன. அதன் பின்னர் பலமுறை குறைந்தும் கூடியும் வந்துள்ளன. விலை எதுவாயினும் படி முறை அப்படியே இருக்கிறது.

மின்விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, சிறிய குளிரூட்டி ஆகியவற்றோடு மாதம் 50 யூனிற் பாவிக்கும் வீடொன்றை எண்ணிப் பாருங்கள். அம்மம்மாவின் 7 யூனிற்றைச் சேர்த்தால் 57. இன்னும் 60க்குள்தான். 134 யூனிற்றைச் சேர்த்தால் 184. ஆகக் கூடிய படிக்குப் போய்விடும். எனவே வாங்குமுன் உங்கள் கடந்த மூன்று மாத மின்பட்டியல்களை எடுத்து, அடுத்த படிக்கு எத்தனை யூனிற் இடைவெளி உள்ளது என்று பாருங்கள். உங்கள் சுடுநீர்க் கணக்கு அந்த இடைவெளிக்குள் அடங்குகிறதா என்பதே முதல் சோதனை.

இரண்டாவது சோதனை இணைப்பு. 3.5 கிலோவாற்று உடனடிச் சூடாக்கி 15 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டு இணைப்பே 15 அம்பியராக இருந்தால், சூடாக்கி இயங்கும்போது வேறெதையும் இயக்க முடியாது. 30 அம்பியர் இணைப்பாக இருந்தாலும் அதற்கெனத் தனி வயர் இழுக்க வேண்டும். சாதாரண பிளக்கில் கொழுவக் கூடாது. மேலும் மின்கம்பி வரிசையின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறைவதுண்டு. 230 வோல்ற் 190க்கு இறங்கினால் கருவி தரும் வெப்பம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும்.

எந்த வீட்டுக்கு எது?

விறகடுப்பு: மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று மேலேயே பானைக்குள் போகிறது. பிள்ளைப்பேற்று வீட்டின் 1,644 கணக்குக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு கிலோ உலர்ந்த விறகு வேண்டும். திருத்திய அடுப்பில் அது இரண்டேகால் கிலோ அளவுக்குக் குறையும். 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட அனகி என்ற மண் அடுப்பில் இரண்டு வாய்கள் உள்ளன. முதல் வாயில் சோறு வேகும்போதே இரண்டாவது வாயில் சருவத்தில் நீரை வைத்தால், அம்மம்மாவின் வாளிக்குத் தனியாக நெருப்பு மூட்டவேண்டிய தேவையே இல்லை. சருவத்துக்கு மூடி போடுவதும், விறகை முன்கூட்டியே வெயிலில் உலர்த்துவதும் எளிய சிக்கனங்கள்.

ஆனால் விறகு இலவசம் என்று ஆண்கள் சொல்லும்போது, அதைச் சுமப்பவர் யார் என்று கேட்க வேண்டும். நாலு கிலோ விறகு என்பது ஒரு பெண்ணின் தலைச்சுமையில் ஒரு பகுதி. காட்டோரத்தில் யானைக்குப் பயந்து நடந்த வழி. முன்னாள் போர்முனைப் பகுதிகளில் எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் போகாமல் தேடிய நேரம். புகையில் எரிந்த கண். குறிப்பாக, பிள்ளை பெற்றவளின் தாயே இந்தச் சுமையை ஏற்கிறாள். பொச்சு, சிரட்டை, ஊமல், பனைமட்டை என வளவுக்குள் கிடைப்பவற்றை மாரிக்கு முன்பே சேர்த்து நனையாமல் அடுக்கி வைப்பது, பேறுகாலத்துக்கு நெல் சேர்ப்பதைப் போன்ற ஆயத்தமே.

சமையல் வாயு: மேற்கூறிய பேற்று மாதக் கணக்குக்கு ஏறக்குறைய 9 கிலோ வாயு செலவாகும். 12.5 கிலோ சிலிண்டரின் பெரும்பகுதி அது. சாதாரண மாதத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. 2022இல் நாடெங்கும் வாயு சிலிண்டருக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் நாம் மறக்கவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணிப் பாவித்த வன்னி மக்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. ஒரே எரிபொருளில் முழுவதும் தங்கியிராமல், மின்சாரமுள்ள வீட்டிலும் ஓர் அடுப்பை ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது.

உடனடி மின்சூடாக்கி: 3.5 கிலோவாற்றுக் கருவி, நம் கிணற்று நீரை 12 பாகை கூட்டி நிமிடத்துக்கு 4 லீற்றர் தரும். நான்கு நிமிடத்தில் ஒரு வாளி நிறையும். நீரைத் தேக்கி வைக்காததால் சும்மா இருக்கும் நேரத்தில் செலவில்லை. வாளியில் பிடித்துக் குளிப்பவருக்கு இது சிக்கனமானதே. ஆனால் உயரத் தொட்டியும் போதிய நீரழுத்தமும் வேண்டும்.

தாங்கியுள்ள மின்சூடாக்கி: எப்போதும் இயங்கவிட்டால், யாரும் குளிக்காத நாளிலும் வெப்பம் கசிவதால் அரை யூனிற்றிலிருந்து ஒரு யூனிற் வரை வீணாகலாம். அம்மம்மாவின் குளிப்புக்கு வேண்டிய 0.22 யூனிற்றை விட இது பல மடங்கு. இதை வைத்திருப்போர் குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, பின் நிறுத்திவிட வேண்டும். குறைந்த பாகையில் நாட்கணக்காக நீரைத் தேக்கி வைத்தால் தாங்கியில் நோய்க்கிருமி வளரலாம் என்பதால், சூடாக்கும்போது 60 பாகை வரை சூடாக்குவது நன்று. அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பாவிக்க வேண்டாம்.

வெயில்: நமது பகுதியில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 யூனிற்றுக்குச் சமமான வெயில் விழுகிறது. இரண்டு சதுர மீற்றர் சூரிய சூடாக்கி அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தாலும் 4.5 யூனிற். இது இருபது வாளிக் குளிப்பு. ஆயினும் ஒன்றை விற்பனையாளர் சொல்வதில்லை. நமக்குச் சுடுநீர் மிகவும் தேவைப்படும் கார்த்திகை, மார்கழி மாதங்களே வடகீழ்ப் பருவமழை மேகம் வெயிலை மறைக்கும் மாதங்கள். எனவே சூரிய சூடாக்கி வாங்குபவர், அந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு மாற்று வழியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பணம் செலவிட முடியாதவர்களுக்கும் வெயில் உதவும். பிள்ளையைக் குளிப்பாட்ட அகன்ற பாத்திரத்தில் நீரை முற்றத்து வெயிலில் வைப்பது நம் தாய்மாரின் பழைய வழக்கம். வெளிப்புறம் கறுப்பு மை பூசிய தகரத்தில் மூடியிட்டு வைத்தால் பின்னேரக் குளிப்புக்கு இளஞ்சூட்டு நீர் ஆயத்தம். காலையில் குளிப்பாட்டுவதை மத்தியானத்துக்கு மாற்றினாலே பல வீடுகளில் விறகு மிச்சமாகும்.

இல்லங்களை நடத்துவோர் கவனத்துக்கு

வயோதிபர் இல்லம், சிறுவர் இல்லம் நடத்தும் துறவற சபையினரும் பங்குச் சபையினரும் தனி வீட்டை விட வேறு விதமாகக் கணக்கிட வேண்டும். இங்கு முக்கியமானது நாள் முழுவதுக்குமான அளவல்ல. அதிகாலை இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை வாளி என்பதே. இருபது முதியோருக்கு இருபது வாளி, 3,840. 60 பாகைத் தாங்கியில் 120 லீற்றர் போதும். சற்று மிகுதியாக 150 லீற்றர் எடுக்கலாம். மேலே சொன்ன வீட்டில் ஐந்து பேர் தூவற் குழாயில் செலவிட்டதும் இதே 3,840தான். ஐந்து பேரின் பழக்கமும் இருபது முதியோரின் தேவையும் ஒரே அளவு என்பதைச் சிந்திக்க வேண்டும்.

ஆண்டு முழுவதும் நாள்தோறும் ஒரே அளவு தேவைப்படும் இத்தகைய இல்லங்களுக்கே சூரிய சூடாக்கி மிகவும் பொருத்தமானது. மாரிக்கு ஒரு பெரிய கிடாரமும் திருத்திய அடுப்பும் துணையாக இருக்கட்டும்.

நீரின் தன்மையும் பாதுகாப்பும்

நமது கிணறுகள் பலவற்றின் நீர் வன்நீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிப்பதைக் கண்டால் உங்கள் கிணறும் அத்தகையதே. இப்படிவு சூடாக்கியின் கம்பியைச் சுற்றிப் படிந்து, மின்சாரத்தை விழுங்கி, இறுதியில் கம்பியை எரித்துவிடும். 60 பாகைக்கு மேல் சூடாக்கினால் படிவு விரைவாகும். வன்நீர்ப் பகுதியில் வாங்குவோர், கழற்றித் துப்புரவு செய்யக்கூடிய கருவியா என்று கேட்டு வாங்குங்கள். கேத்திலுக்கு வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ விட்டு ஊறவைத்துக் கழுவினால் போதும்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் புளோரைட்டு நீங்காது. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் பற்றிய அச்சம் உள்ளது. அங்கெல்லாம் சூடாக்கி வாங்குவதற்கு முன் குடிநீரைப் பரிசோதிப்பதே முதற் செலவாக இருக்க வேண்டும்.

மின்சூடாக்கிக்குப் புவித்தொடுப்பு வயரும், ஒழுங்காக வேலை செய்யும் ட்ரிப் சுவிச்சும் கட்டாயம். ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மின்னியலாளரை அழையுங்கள். வாளிக்குள் அமிழ்த்தும் கம்பிச் சூடாக்கி விலை மலிவு. ஆனால் பிளக்கைக் கழற்றுமுன் நீரில் கை வைத்தவர்களுக்கு உயிராபத்து. பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

சூட்டுக் காயம் பற்றியும் சொல்ல வேண்டும். 60 பாகை நீர் வளர்ந்தவரின் தோலை ஏறக்குறைய ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் தோலை இன்னும் விரைவில். போரில் முள்ளந்தண்டு காயப்பட்டு இடுப்பின் கீழ் உணர்வற்று வாழும் நம் சகோதர சகோதரிகள் சூட்டை உணரமாட்டார்கள். நீண்டகால நீரிழிவால் கால் மரத்துப்போன முதியோரும் அவ்வாறே. இவர்களைக் குளிப்பாட்டுபவர் ஒவ்வொரு முறையும் தமது முழங்கையை நீரில் வைத்துப் பார்த்த பின்பே ஊற்ற வேண்டும். நீரை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேலும் சுடுநீர் சேர்க்கக் கூடாது.

ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்

இனி செய்யவேண்டியது எளிது. குளியலறைச் சுவரில் அல்லது நாட்காட்டியின் பின்புறத்தில் ஏழு நாட்களுக்கு ஏழு கோடு கீறுங்கள். யாருக்காவது ஒரு வாளி சுடுநீர் கலக்கப்பட்டால் ஒரு புள்ளி இடுங்கள். காலையா மாலையா என்றும் குறியுங்கள். வார முடிவில் மூன்று எண்களை எடுங்கள்: நாளுக்குச் சராசரி எத்தனை வாளி; ஆகக் கூடிய நாளில் எத்தனை; ஒரே மணி நேரத்துக்குள் ஆகக் கூடியது எத்தனை. முதல் எண் மாதச் செலவைச் சொல்லும். மூன்றாவது எண் கருவியின் பருமனைச் சொல்லும். இரண்டாவது எண், உறவினர் வந்த நாளுக்காகப் பெரிய கருவி வாங்கத் தூண்டும் எண்; அதற்கு ஏமாற வேண்டாம். அந்நாளுக்கு அடுப்பில் ஒரு கிடாரம் வைத்தால் போதும்.

நாளுக்கு இரண்டு வாளி வரையானால் கேத்திலும் அடுப்பும் போதும். மூன்று முதல் ஆறு வாளியும், இணைப்பும் நீரழுத்தமும் ஒழுங்காகவும் உள்ள வீடு சிறிய உடனடிச் சூடாக்கியைப் பற்றி யோசிக்கலாம். ஆண்டு முழுவதும் நாளுக்குப் பத்து வாளிக்கு மேல் தேவைப்படும் இடத்துக்குச் சூரிய சூடாக்கி. இடைப்பட்டவர்கள் மின்பட்டியலின் படியைப் பார்த்து முடிவு செய்யட்டும். பிள்ளைப்பேற்றுக் காலத்துக்கு மட்டும் தேவையென்றால் வாங்கவே வேண்டாம்; அன்பியத்திலோ மாதர் சங்கத்திலோ ஒரு பெரிய கிடாரமும் ஒரு நல்ல அடுப்பும் வைத்து வீட்டுக்கு வீடு கொடுத்து வாங்கினால் ஒரு கிராமத்துக்கே போதும்.

தவணைக் கடனில் அகப்பட்டுத் தவித்த குடும்பங்களை நம் மாவட்டங்கள் நன்கறியும். நுண்கடன் சுமையில் சிக்கிய பெண்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. கோபுரம் கட்டப் புறப்படுபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பேசுகிறார். ஒரு சுடுநீர்க் கருவிக்கும் அந்த அறிவுரை பொருந்தும். அம்மம்மாவுக்கு நாள்தோறும் தவறாமல் ஒரு வாளி இளஞ்சூட்டு நீர் கிடைக்க வேண்டும். அதற்காக விறகு சுமக்கும் மகளின் முதுகும், மின்பட்டியல் கட்டும் மருமகனின் கையும் நோகக் கூடாது. எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒருசேர நடக்கக்கூடியவையே.